தள்ளியும் நகராத வண்டி

1

வண்டியைத் தள்ள நின்றவர்கள்:

நான்.

என் மனைவி பிலோமினா. ராத்திரி வேலை முடித்து வந்தவள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

எங்கள் மகன் அருள். அன்று மத்தியானம் விமானம் ஏறி ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போக வேண்டியவன்.

பிலோமினாவின் தம்பி செல்வம். உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் போட்டவன். இப்போது இங்கே ஆப்பிள் பறிக்கிறான்.

எதிர் வீட்டு சியோனே. டோங்கா என்கிற தீவுக்காரர். வாசலை அடைக்கிற உடம்பு.

எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். இறக்கத்தில் நிற்கிற வண்டி. நகரவில்லை.

"மாமா, கல்ல எடுத்தியா இல்லியா?" என்று செல்வம் கேட்டான்.

எடுத்திருந்தேன்.

"அப்ப இன்னாத்துக்கு நிக்குது இது? வேரு வுட்டுகிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. விமான நிலையம் இரண்டு மணி நேர தூரம்.

2

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில். பிலோமினாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். ஊரில் எட்டாவதோடு நின்றேன். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டினேன். வெள்ளிமலை வரைக்கும், சில நாள் அதற்கு மேலேயும். இங்கே வந்ததும் அதே முதியோர் இல்லத்தில் வேன் கொடுத்தார்கள். வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் முடிவெட்டவும் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஓட்டுவது. அது இங்கேயும் கிடைத்தது பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தள்ளின வண்டி எங்கள் சொந்தக் கார், பெட்ரோலிலும் ஓடும். சுவரில் வயரைச் செருகி வைத்தால் கரண்டிலும் ஓடும். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது, கப்பலில் வந்தது. இங்கே பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். பட்டனை அழுத்தியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று இத்தனை வருஷத்தில் எங்களுக்குத் தெரியாது. அருள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குப் பதில் சொல்வான். "சரிங்க மேடம்" என்பான். பிறகு அதை விட்டான். காதில் வயரை மாட்டிக்கொண்டு ஏறுவான், அப்படியே இறங்குவான். நான் தமிழில் கேட்டால் பெரும்பாலும் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வரும். அவன்மேல் தப்பில்லை. நானும் இரண்டு வார்த்தைக்குமேல் கேட்கிற ஆள் இல்லை.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. வண்டியை எப்போதும் மூக்கு கீழே ரோட்டைப் பார்க்க நிறுத்துவேன். முன்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பேன். மலையில் எல்லா ஜீப்பும் அப்படித்தான் நிற்கும். பேட்டரி போனாலும் கவலையில்லை. கல்லை எடுத்தால் உருண்டு கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் ஏறினவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். சொல்லவே வேண்டாம், அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். இங்கே அதெல்லாம் தேவையில்லை. கைப்பழக்கம். தபால் போடுகிற பெண் ஒருமுறை கல்லைப் பார்த்துவிட்டு, பிரேக் ரிப்பேரா என்று கேட்டாள். "எஸ் எஸ்" என்றேன். எதைக் கேட்டாலும் எஸ் எஸ் என்பது என் வழக்கம்.

3

நான் ஜீப் ஓட்டின காலத்தில் மலையில் போன் எடுக்காது. கீழே நடந்ததை மேலே சொல்வது டிரைவர்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆள் எப்படி இருக்கிறான், பிள்ளைகள் பாஸா பெயிலா, தாலுகா ஆபீசில் யாரை வரச் சொன்னார்கள், எல்லாம் எங்களிடம் சொல்லி விடுவார்கள். சாவும் எங்கள் வழியாகத்தான் மேலே போகும்.

சாவைச் சொல்வதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஓட்டி ஓட்டித் தெரிந்துகொண்டது. நிற்கிற ஆளிடம் சொல்லக் கூடாது. சந்தைக்கு இறங்கி வந்த ஆள் என்றால் முன்சீட்டில் உட்காரவைக்க வேண்டும். கோமுகி அணை தாண்டுகிற வரைக்கும் சாமை விலையைப் பேச வேண்டும். வளைவுகள் ஆரம்பித்ததும் அவன் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொள்வான். அப்போது சொல்ல வேண்டும். கம்பியைப் பிடித்திருக்கிறவன் சாய மாட்டான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவன் அழுது முடிக்க ஏற்றம் முழுவதும் நேரம் இருக்கும். ஊர் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்குவான்.

எத்தனையோ பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன். அப்படி மட்டும்தான் எனக்குப் பேச வரும். ஸ்டியரிங் கையில் இல்லாவிட்டால் வாய் வராது. பிலோமினாவிடம் கல்யாணம் கேட்டதும் ஜீப்பில்தான். எலவனாசூர்கோட்டைப் பெண். மலைக்குத் தடுப்பூசி போட வருவாள். வளைவில் திரும்பும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மொதல்ல ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மலையிலும் டவர் இருக்கிறது. சாவு போனில் படமாக வருகிறது. என் அண்ணன் போனது அப்படித்தான் தெரிந்தது. முடிவெட்டுகிற கடை வாசலில் ஒரு கிழவியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அண்ணன் படம், மாலை, கீழே எழுத்து. கிழவிக்கு ஒரு கை கொடுத்திருந்தேன். அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்துதான் மறுபடி பார்த்தேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வருகிற சேதி அது.

4

என் கண்ணில் கோளாறு வந்தது. இடது பக்கமிருந்து வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. கதவு நிலையில் தோள் இடித்தது. வயசு என்று விட்டேன். பிலோமினா விடவில்லை.

"ஏங்க, டம்ளர எடது பக்கம் வெச்சா மட்டும் தட்டி வுடுறீங்க. நானும் பாத்துகினே கீறேன்."

கண் ஆஸ்பத்திரியில் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டன். நேராகப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒளிப்புள்ளி தெரிந்தால் அழுத்த வேண்டும். புரிந்ததா என்று அந்தப் பெண் கேட்டாள். எஸ் எஸ் என்றேன். எனக்கு அது லைசென்ஸ் பரீட்சை மாதிரி பட்டது. ஜாஸ்தி அழுத்தினால் ஜாஸ்தி மார்க் என்று நினைத்தேன். தெரியாவிட்டாலும் அழுத்தினேன்.

மெஷின் கண்டுபிடித்துவிட்டது. புள்ளியே வராத நேரத்தில் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பிலோமினாவை உள்ளே கூப்பிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பிலோமினா என் தோளில் கையை வைத்தாள்.

"தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. பொய் சாட்சி சொல்லாதீங்க."

அந்த முறை ரொம்ப நேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கண் நரம்பு கெடுகிறது, பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்குகிறது என்றார் டாக்டர். போனது வராது. சொட்டு மருந்து போட்டால் இருப்பது நிற்கும். வேனைத் தொடக் கூடாது. பெரிய டாக்டர் பார்க்கிற வரைக்கும் சொந்த வண்டியை மட்டும், பகலில், அவசியத்துக்கு மட்டும் ஓட்டலாம். லைசென்ஸ் ஆபீசுக்கு நானே தெரிவிக்க வேண்டும். நம்ம பக்கம் போலீஸ் பிடித்தால்தான் உண்டு. இங்கே நம்மை நாமே பிடித்துக் கொடுக்க வேண்டும். போன் போட்டால் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. முதியோர் இல்லத்தில் சமையலறையில் பாத்திரம் கழுவ இடம் இருக்கிறது என்றார்கள். நல்ல மனுஷர்கள்.

கடைசியாக டாக்டர் ஒன்று கேட்டார். பிள்ளை உண்டா? இது வம்சத்தில் வருவது. பிள்ளையும் கண்ணைக் காட்ட வேண்டும். சீக்கிரம் பிடித்தால் காப்பாற்றலாம்.

என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கடைசிக் காலத்தில் மரவள்ளிக் கொல்லையில் வரப்பு தெரியாமல் விழுந்துகொண்டிருந்தார். வயசு என்றோம். இப்போது எனக்கு என்ன வயசோ அதுதான் அவருக்கு அப்போது.

அருள் போவது சுரங்கத்துக்கு. அங்கே வீடு உயரத்துக்கு லாரி இருக்கிறதாம். அதை ஓட்டுகிற வேலை. அதற்காக ஒரு வருஷம் படித்தான். அவனை உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும்.

"ஏர்போர்ட்டு போறதுக்குள்ள நீங்க சொல்லிடணும்" என்றாள் பிலோமினா. "இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

"நானே சொல்றேன். வண்டில போறப்ப சொல்றேன்."

"அவன ஓட்ட சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

"ஸ்டியரிங் இல்லாம வராது பிலோ."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "பகல்தானே" என்றாள். அதை அவளுக்கே சொல்லிக்கொண்டாள்.

சொல்வதைப் பழகிப் பார்த்தேன். வேலை விட்டு வந்ததும் சாயங்காலம் போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வேன். சார்ஜ் வயர் செருகியிருக்கும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்துவேன். அப்படி அழுத்தினால் வண்டி கிளம்பாது. திரையும் ரேடியோவும் மட்டும் எரியும். கையை ஸ்டியரிங்கில் வைத்து, முன்னால் பார்த்து, "அருளு, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பேன். அதற்குமேல் வராது. உட்கார்ந்திருப்பேன். ரேடியோவில் யாரோ பாடுவார்கள். மறுபடி ஆரம்பிப்பேன். கரண்ட்தான் சுவரிலிருந்து வந்துகொண்டிருக்கிறதே என்று இருந்தேன். தினமும் இப்படிப் போனது. அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் முழுசாக வாயில் வந்தது. தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் இறங்கி வந்தேன். பட்டனை அணைத்தேனா, நினைவில்லை.

5

காலையில் சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவித் திறந்தேன். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினேன். எங்கேயோ டிக் டிக் என்றது. திரை ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது.

"சாவிக்குள்ள வாட்ச் பேட்டரி கீது மாமா" என்றான் செல்வம். "அது வீக்கா இருக்கும்."

அருள் உள்ளே போய் வேறு எடுத்துவந்து போட்டான். அதே டிக் டிக். சுவரில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முழுசாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"வவுறு ஃபுல்லா தின்னுட்டு எழுந்திரிக்க மாட்டன்னா எப்படி?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டான் செல்வம். "இன்னா நோவு இதுக்கு?"

அருள் போனில் தேடிப் பார்த்தான். இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்று போட்டிருக்கிறது என்றான், இங்கிலீஷில். நான் காதில் வாங்கவில்லை. எந்த வண்டியும் இறக்கத்தில் உருண்டால் கிளம்பும். வயரைப் பிடுங்கினேன். கல்லை எடுத்தேன். எல்லோரையும் பின்னால் வரச் சொன்னேன். நாங்கள் நிற்பதைப் பார்த்து சியோனே தானாகவே வந்து தோள் கொடுத்தார். அவர் ஊரிலும் தள்ளுவார்கள்போல.

நகராததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. இந்த வண்டியில் கியரும் கரண்டில்தான் மாறும். கரண்ட் இல்லாமல் நியூட்ரலுக்கு வராது. பூட்டிக்கிடக்கிற சக்கரத்தைத்தான் மூச்சு வாங்கத் தள்ளியிருக்கிறோம்.

"ஏங்க, மணி ஆவுது" என்றாள் பிலோமினா.

சியோனே தன் வேலை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். முன்னால் இரண்டே சீட். பின்னால் பெயிண்ட் டப்பா, ஏணி. அருள் பைகளை ஏணிக்கு நடுவில் சொருகினான்.

"பின்னால ஏறிக்கோ மாமா. மலை ஜீப்புல தொங்கிகினு போவாங்களே, அந்த மாதிரி."

"புடிச்சிடுவான்டா இங்க."

"புடிச்சா டிரைவர் உள்ள, நீ வெளிய. உனக்கு புதுசா இருக்கும்."

அருள் என் எதிரே வந்து நின்றான். பிலோமினா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணால் காட்டினாள். சொல்லுங்க. அவன் நின்றுகொண்டிருந்தான். நானும் நின்றுகொண்டிருந்தேன். பழகிவைத்தது எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே கிடந்தது.

"சாப்ட்டியா?" என்றேன்.

"சாப்ட்டேன்ப்பா."

"பெல்ட் போட்டுக்கோ."

"ம்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

வண்டி திரும்பி மறைந்ததும் பிலோமினா சொன்னாள். "உங்க வாயிலயும் பேட்டரி எறங்கிடிச்சா?"

பிடுங்கிப் போட்ட வயரைச் சுருட்டினேன்.

"இதுக்கு மேல எப்ப சொல்லுவீங்க? அங்க போயி எறங்கன ஒடனே லாரிய கையில குடுத்துடுவாங்க. அப்பறம் கண்ணு, டாக்டருன்னு சொன்னா வருவானா?"

"சொல்றேன்."

"பிளேன் ஏறதுக்குள்ள சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன். நீங்கதான் அப்பன்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தூங்கியிருக்க மாட்டாள்.

6

ரிப்பேர் ஆள் வர நேரமானது. வெள்ளைக்காரர், வயசானவர். முன்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தார். அதில் ஒரு சிவப்பு மூடி. அதைத் தூக்கிவிட்டுக் கையோடு கொண்டுவந்த பேட்டரியின் வயரை மாட்டினார். நிதானமாக எனக்கு விளக்கிச் சொன்னார். நான் எஸ் எஸ் என்றேன். அவர் செல்வத்தைப் பார்த்து மறுபடி சொன்னார்.

"மாமா, இதுல ரெண்டு பேட்டரி கீதாம். பெருசு ஓட்றதுக்கு. அது ஃபுல்லு. எழுப்பறதுக்குன்னு சின்னது ஒண்ணு, பின்னால டிக்கி அடியில. அது செத்துப்பூட்ச்சி. சின்னது எழுப்பலன்னா பெருசு எவ்ளோ வெச்சிகினு இருந்தாலும் ஒண்ணியும் ஆவாதாம்."

"செவுத்துல சொருகறோமே."

"அது பெருசுக்குத்தான் போவுதாம். சின்னதுக்கு வண்டி கெளம்பி நின்னாதான். இன்னொண்ணு கேளு. டிக்கி தொறக்கறதுக்கே அந்த சின்ன பேட்டரி உயிரோட இருக்கணுமாம். சாவிய வூட்டுக்குள்ள வெச்சி பூட்டன கதை. அதான் முன்னாலயே ஒயரு மாட்ட எடம் குடுத்துகிறாங்க."

ரிப்பேர்காரர் இன்னும் ஏதோ கேட்டார்.

"வண்டிய கெளப்பாம யார்னா உள்ள உக்காந்து ரேடியோ கேட்டாங்களான்னு கேக்கறாரு."

செல்வம் என் முகத்தைப் பார்த்தான். சாயங்காலங்களில் நான் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது.

"இல்லன்னு சொல்லிடட்டா மாமா?"

"ஆமான்னு சொல்லு."

சொன்னான். ரிப்பேர்காரர் தலையை ஆட்டினார். எல்லோரும் செய்கிறதுதான் என்கிற மாதிரி.

பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். திரை எரிந்தது. ஜப்பான் பெண் பேசினாள். எஞ்சின் சத்தம் எதுவும் இல்லை. கிளம்பிவிட்டது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சத்தமில்லாமல் கிளம்புகிற வண்டியை இன்னும் என் காது ஏற்றுக்கொள்ளவில்லை. சின்ன பேட்டரி ஏறுகிற வரைக்கும் அணைக்காதீர்கள், ஓட்டவும் வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்திருங்கள் என்றார். செல்வம் கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

7

உட்கார்ந்திருந்தேன். கை தானாகவே ஸ்டியரிங்குக்குப் போனது. போனை முன்னால் சாய்த்துவைத்து அருளுக்குப் போட்டேன்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சாப்பா?"

"ஆயிடுச்சி."

"குட். நான் உள்ள வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல ஏத்துவாங்க." வைக்கப் போனான்.

"அருளு, ஒண்ணு சொல்லணும். உக்காந்துக்கோ."

"உக்காந்துதான் இருக்கேன்."

"எதையாவது புடிச்சிக்கோ."

விமான நிலையத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மைக் சத்தம் மட்டும் கேட்டது.

"பேக்க புடிச்சிகினேன்" என்றான். "இன்னாப்பா? சொல்லு."

சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கண்ணைச் சொன்னேன். வேன் போனதைச் சொன்னேன். அவன் தாத்தா வரப்பில் விழுந்ததைச் சொன்னேன். போய் இறங்கினதும், லாரியில் ஏறுவதற்கு முன்னால், கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றேன். அதை நான் பழகிவைக்கவில்லை. தானாக வந்தது.

அவன் அழவில்லை. என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. மைக்கில் வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப காலைல வண்டி ஸ்டார்ட் ஆயிருந்தா, என்ன ஒக்கார வெச்சி இவ்ளோ தூரம் நீ ஓட்டிகினு வந்துருப்ப."

"பகல்ல ஓட்டலாம்னு டாக்டரு சொன்னாரு."

"திரும்பிப் போறப்ப தனியா ஓட்டிகினு போயிருப்ப."

"ம்."

பிறகு கேட்டான். "இப்ப எங்க உக்காந்துகினு இருக்க?"

"வண்டிலதான். வாசல்ல."

"ரோட்ட பாத்து நிக்குதா?"

"ஆமா."

"இன்னிக்கி குப்பை எடுக்கற நாளு. எல்லா வூட்டுத் தொட்டியும் ரோட்ல இருக்கும். தலைய திருப்பாத. கண்ணையும் ஆட்டாத. நேரா பாரு. எத்தினி தெரியுது?"

மெஷினுக்குள் பார்த்த மாதிரி நேராகப் பார்த்தேன். தெரிந்ததை மட்டும் எண்ணினேன்.

"நாலு."

"இப்ப தலைய நல்லா திருப்பி, ரெண்டு பக்கமும் பாத்து எண்ணு."

திருப்பினேன். இடது பக்கம் எண்ணினேன். வலது பக்கம் எண்ணினேன். தப்பாக இருக்கும் என்று முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். அவன் காத்திருந்தான்.

பதினொன்று.